எரிப்பதற்கு முன் பட்டியலைப் படியுங்கள்

கடல் உயிரினச் சாறுகளின் சேகரிப்பை அகற்ற முடிவு செய்த ஆய்வு நிர்வாகக் குழுவினருக்கு,

கடல் மாதிரி அறையில் உள்ள உறைகுளிர்ப் பெட்டிகளைக் காலி செய்து, உள்ளே இருப்பவற்றை இரசாயனக் கழிவு ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப் போவதாக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். இடம் போதவில்லை, மின்செலவு கூடுகிறது, கடந்த ஐந்தாண்டுகளில் எந்த ஆய்வுக் குழுவும் இந்தச் சேகரிப்பைக் கேட்கவில்லை என்று மூன்று காரணங்கள் தந்திருக்கிறீர்கள். முதல் இரண்டையும் பேசித் தீர்க்கலாம். என்னை எழுத வைத்தது மூன்றாவது காரணம்.

ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, “உங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது” என்ற பொருளில் ஒரே ஒரு வரி பதிலாக வந்தது. ஆகவே இதைத் தமிழில், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் எடுத்துச் சொல்லட்டும். இந்தச் சேகரிப்பு பொதுப் பணத்தில் உருவானது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்குகிறவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

யாரும் கேட்கவில்லை என்கிறீர்கள். எப்படிக் கேட்பார்கள்? அந்தச் சேகரிப்பின் பட்டியல் எந்த இணையத்தளத்திலும் இல்லை. நூலகத்தில் இல்லை. நிறுவனத்தின் உள்வலையில்கூட இல்லை. அறையின் மூலையில் கிடந்த ஒரு பழைய கணினியில் இருந்தது. கணினியை மாற்றியபோது கோப்பு ஒரு வட்டுக்குப் போனது. வட்டு ஒரு இழுப்பறைக்குப் போனது. புதிதாகச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர்கள் பலருக்கு, தாங்கள் தினமும் கடந்து போகும் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டு, வாடிக்கையாளர் வரவில்லை என்று கணக்கு எழுதுவது போன்றது இது.

நான் யார் என்று கேட்பீர்கள். அந்த அறையில் நெடுங்காலம் ஆய்வகத் தொழில்நுட்பராக வேலை பார்த்தவள். கட்டுரைகளில் என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் வரும். சில சமயம் அங்கும் வராது. முக்குளிப்பவர்கள் கொண்டுவரும் பைகளைப் பிரித்து, எண் போட்டு, உறைய வைத்து உலர்த்தி, அரைத்து, மெத்தனாலில் ஊறப்போட்டுச் சாறெடுத்து, குப்பிகளில் அடைப்பது என் வேலை. கடற்பஞ்சை அரைத்திருக்கிறீர்களா? அந்த வாடை துணியில் ஏறினால் எம்ஆர்டி ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். தென்தீவுகளைச் சுற்றியும் மேற்கே துவாஸ் பக்கமும், உரிய அனுமதியோடு சேகரித்த கடற்பஞ்சுகள், மென்பவளங்கள், பாறையில் பை போல ஒட்டிக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சும் கடல் உயிர்கள், ஓடில்லாக் கடல் நத்தைகள். சிங்கப்பூர்க் கடலில் முக்குளிப்பது சுற்றுலா விளம்பரங்களில் வரும் நீலக் கண்ணாடித் தண்ணீரில் நீந்துவது போல இருக்காது. நீர் எப்போதும் கலங்கல். நீட்டிய கையின் விரல்கள் தெரியாத நாள்கள் உண்டு. தலைக்கு மேலே கப்பல்கள் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கலங்கலில் உள்ளங்கையளவு துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, மிச்சத்தை வளர விட்டுவிட்டு வருவார்கள். ஒவ்வொரு துண்டோடும் நீருக்கடியில் எடுத்த படம், ஆழம், இடம், நாள், எடுத்தவர் கைப்பட எழுதிய குறிப்பு ஆகியவை சேர்ந்து வரும். சாறெடுத்தது போக ஒரு சிறு பகுதியை மதுசாரத்தில் போட்டு வைப்போம். பின்னாளில் “இது எந்த இனம்” என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கான சான்று மாதிரி அது. மதுசாரத்தில் விழுந்ததும் நிறம் போய்விடும். ஊதா, மஞ்சள், செங்கல் நிறம் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். உயிரோடு இருந்தபோது அது எப்படி இருந்தது என்பதற்குக் குறிப்பேட்டை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. உங்கள் சுற்றறிக்கை அந்தக் குறிப்பேடுகளைக் காகிதக் கழிவு என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறது.

இவற்றால் என்ன பயன் என்பது நியாயமான கேள்வி. நீங்கள் அறியாததல்ல, படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடற்பஞ்சுக்குக் காலில்லை, பல்லில்லை, ஓடில்லை. மீன் கடிக்க வந்தாலும் பக்கத்துப் பவளம் இடத்தை நெருக்கினாலும் அதனால் நகர முடியாது. நாள் முழுவதும் கடல்நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்பதால் கிருமிகள் உள்ளே வந்தபடியே இருக்கும். அது பிழைத்திருப்பது அதன் உடலிலும், அதனுள் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடமும் உருவாகும் வேதிப்பொருள்களால். அவற்றில் பல, வேறோர் உயிரின் உடலில் வேதிவினைகளை நடத்தும் நொதியை (என்சைம்) பிடித்து நிறுத்தக் கூடியவை. நொதி நின்றால் அது நடத்தும் வினையும் நிற்கும். மருந்து தேடுவோர் கேட்பதும் ஏறக்குறைய இதுவே: நம் உடலில் அளவுமீறி ஓடும் ஒரு நொதியை, பக்கத்து நொதிகளைத் தொடாமல், மட்டுப்படுத்தும் ஒரு பொருள்.

பலதுறை மருந்தகத்தில் கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை ஒரு நொதித் தடுப்பான். ஜப்பானியர் அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளில் தொடங்கியது அந்தக் குடும்பம். இரத்த அழுத்தத்துக்கான காப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சைப் பார்த்து வடிவமைக்கப்பட்ட நொதித் தடுப்பான். நீரிழிவுக்காரர் சிலருக்குச் சாப்பாட்டோடு தரும் அகார்போஸ், மண்ணில் வாழும் பாக்டீரியா செய்யும் நொதித் தடுப்பான். நம் வீட்டு மருந்து டப்பாக்களில் இவற்றில் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும்.

இனிக் கடலுக்கு வருகிறேன். புளோரிடா கடலோரத்தில் எடுத்த ஒரு கடற்பஞ்சிலிருந்து வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர், வழக்கத்துக்கு மாறான சர்க்கரை கொண்ட நியூக்கிளியோசைடுகளை (மரபணு இழையின் கட்டுமானப் பொருள்களை ஒத்தவை) கண்டதாக 1950-51இல் அறிவித்தார். மருந்து தேடி அவர் அதை எடுக்கவில்லை. அந்த அமைப்பைப் பார்த்து மற்றவர்கள் செய்த மாற்றங்களிலிருந்து சைட்டராபின் என்ற புற்றுநோய் மருந்து பிறந்தது. 1969இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மரபணு இழையைப் பிரதியெடுக்கும் நொதியிடம், உண்மையான கட்டுமானப் பொருள் போலவே போய் நின்று, இழைக்குள் நுழைந்து, மேற்கொண்டு வளரவிடாமல் தடுப்பது அதன் வேலை. என் அக்காள் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது, படுக்கைக்கு மேல் தொங்கிய பையில் அந்தப் பெயரைப் படித்தேன். கூட்டாகக் கொடுத்த பல மருந்துகளில் அது ஒன்று. அது மட்டுமே அவனைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரை நூற்றாண்டு கடந்தும் அந்த நோய்க்கு மருத்துவர்கள் முதலில் எடுக்கும் மருந்துகளில் அது இருக்கிறது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் கடற்பஞ்சு அரைத்த எனக்கு, அரைப்பது எதற்கு என்று அன்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடலிலிருந்து வருவதெல்லாம் மருந்தாகிவிடும் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்ல நான். பெரும்பாலானவை தோற்கும். பலாவ் தீவுக் கடற்பஞ்சிலிருந்து 1980இல் அறிவிக்கப்பட்ட மனோஅலைடு என்ற பொருள், அழற்சியைத் தூண்டும் பாஸ்போலிபேஸ் ஏ2 நொதியை மீளமுடியாதபடி நிறுத்தியது. எவ்வளவு எதிர்பார்ப்பு! தோல் நோய்க்கான களிம்பாக மனிதச் சோதனை வரை போய், அங்கேயே நின்றது. ஆனாலும் அந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்க ஆய்வகங்களுக்கு அது கருவியாயிற்று. செல்லின் பாஸ்பட்டேஸ் நொதிகளை நிறுத்தும் ஒகடாயிக் அமிலமும் முதலில் கடற்பஞ்சில்தான் கிடைத்தது. அது நச்சு, யாருக்கும் மருந்தாகாது. ஆனால் அது இல்லாமல் அந்த நொதிகளைப் பற்றிய அறிவு இவ்வளவு தூரம் வந்திருக்காது.

எங்கள் அறையில் நடந்த சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் வேலையின் கடைசிக் கட்டத்தைச் செய்யும் நொதி ஆல்பா குளுக்கோசிடேஸ். அதைத் தடுத்தால் சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது. 96 குழிகள் கொண்ட தட்டில் நொதியை விட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு சாற்றைத் துளியாகச் சேர்த்து, அந்த நொதி உடைக்கக் கூடிய ஒரு செயற்கைப் பொருளையும் ஊற்றுவோம். நொதி வேலை செய்தால் மஞ்சள் நிறம் பிறக்கும். தடுக்கப்பட்டால் குழி வெளுப்பாகவே இருக்கும். மஞ்சள் தட்டின் நடுவே ஒரு வெளுத்த குழியைப் பார்க்கும்போது வரும் பரபரப்பைச் சம்பளத்தால் தர முடியாது. அந்தப் பரபரப்பில் பாதி மறுநாளே செத்துவிடும் என்பதும் உண்மை. கடல் சாற்றில் உப்பும் கொழுப்பும் அதிகம். சில பொருள்கள் ஒன்றோடொன்று திரண்டு நொதியை மூடிக்கொண்டு ஏமாற்றும். சிறிது சவர்க்காரப் பொருள் சேர்த்து மறுபடி செய்தால் குழி மஞ்சளாகிவிடும். மறுபடி செய்தும் வெளுப்பாகவே நின்ற சாறுகளின் எண்களுக்கு நேரே குறிப்பேட்டில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். அவற்றின் வேதியியலைத் தொடர ஆள் இல்லை, நிதி இல்லை, திட்டம் முடிந்துவிட்டது. ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து இதே நொதியைத் தடுக்கும் ஷுல்சீன்கள் என்ற பொருள்களை 2004இல் பிரித்து வெளியிட்டார்கள். எங்கள் சிவப்புக் கோடுகளுக்குப் பின்னால் இருப்பது அதுதானா, வேறா, ஒன்றுமே இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. 2016இல் நீரிழிவின் மீது போர் அறிவித்த நாடு இது. அந்த நோய் நம் இந்தியச் சமூகத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் ஐந்தாண்டு அளவுகோலுக்கு இப்போது வருகிறேன். கரீபியக் கடலில் சதுப்புநில மரவேர்களில் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும் ஓர் உயிரின் சாறு புற்றுச் செல்களை அழிக்கிறது என்பது 1960களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. அதனுள் வேலை செய்யும் பொருள் எது என்று கண்டு, அதன் அமைப்பை வெளியிட்டது 1990இல். டிராபெக்டெடின் என்ற பெயரில் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது 2007இல், அமெரிக்காவில் 2015இல். முதல் அறிகுறிக்கும் அமைப்பு தெரிவதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. பொருள் மிக அரிது, கருவிகளுக்கு அவ்வளவு நுட்பம் இல்லை. அந்த இருபது ஆண்டுகளில் யாராவது ஒருவர் “ஐந்தாண்டாகப் பயனில்லை” என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

இன்னொரு வாதம் உங்கள் கூட்டத்தில் எழுந்ததாகக் கேள்விப்பட்டேன்: கடல் உயிரில் மருந்து கிடைத்தாலும் அளவு போதாது, கடலையே அரைக்க வேண்டிவரும் என்று. இதில் உண்மை இருக்கிறது. ஜப்பானில் 1980களில் 600 கிலோ கடற்பஞ்சை அரைத்து எடுத்த ஹாலிகோண்ட்ரின் பி என்ற புற்றெதிர்ப்புப் பொருள் வெறும் 12.5 மில்லிகிராம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1992இல் ஹார்வர்டில் யோஷிதோ கிஷியின் குழு அந்தப் பொருளை முழுவதுமாகச் செயற்கையாகக் கட்டியது. அதில் வேலை செய்யும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு செய்த எரிபுலின் 2010இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. இது நொதியைத் தடுப்பதில்லை, செல்லின் நுண்குழல்களைத் தடுக்கிறது. ஆனாலும் அளவு பற்றிய பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. டிராபெக்டெடினை இன்று ஒரு பாக்டீரியா தரும் மூலப்பொருளிலிருந்து தயாரிக்கிறார்கள். கடலிலிருந்து முதலில் வேண்டியது ஒரு துண்டு. அந்தத் துண்டைத்தான் நீங்கள் எரிக்கப் போகிறீர்கள்.

வெளிநாட்டு உதாரணங்கள் போதும் என்றால், நம் வடக்குக் கரையின் சதுப்புநிலமான கிராஞ்சிக்கு வாருங்கள். குதிரைலாட நண்டின் இரத்தம் பாக்டீரியா நச்சு பட்டவுடன் உறையும். ஊசிமருந்துகளும் தடுப்பூசிகளும் சுத்தமானவையா என்று சோதிக்க உலகம் முழுவதும் அந்த நண்டுகளைப் பிடித்து இரத்தம் எடுத்து வந்தார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங்கும் ஹோ பாவும், நம் சதுப்புநிலச் சேற்றில் வாழும் நண்டின் மரபணுவை எடுத்து, அந்த உறைதலைத் தொடங்கி வைக்கும் காரணி சி என்ற நொதியை 1990களில் ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். சந்தைக்கு அது 2003இல் வந்தது. உலகம் உடனே அள்ளிக்கொள்ளவில்லை. ஐரோப்பிய மருந்தியல் தரநூல் 2021இல்தான் அதைத் தனிமுறையாக ஏற்றது. அமெரிக்கத் தரநூல் 2024இல்தான் வழிவிட்டது. இந்த நாட்டின் சேற்றில் எடுத்த ஓர் உயிர், இன்று உலகில் மருந்து சோதிக்கும் முறையையே மாற்றிக்கொண்டிருக்கிறது. 2008 வாக்கில் உங்கள் அளவுகோலை அதன் மீது வைத்திருந்தால் என்ன மதிப்பெண் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேவைப்பட்டால் மறுபடி சேகரிக்கலாம் என்று சுற்றறிக்கையின் அடியில் ஒரு வரி இருக்கிறது. முழுச் சுற்றறிக்கையிலும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாத வரி அதுதான். எங்கே போய்ச் சேகரிப்பது? நிலமீட்புக்கு நம் பவளப் பாறைகளில் பாதிக்கு மேல் பறிகொடுத்திருக்கிறோம். துவாஸ் துறைமுகப் பணிக்காக 2013-14இல் சுல்தான் ஷோல் பக்கமிருந்து பவளங்களைப் பெயர்த்து, செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் சிஸ்டர்ஸ் தீவுகளுக்கும் கொண்டுபோய் ஒட்டினார்கள். துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊர் பிழைப்பது துறைமுகத்தால். ஆனால் நம்மிடம் உள்ள சில குப்பிகளின் சீட்டில் எழுதியிருக்கும் இடத்துக்கு இன்று போனால் காங்கிரீட் தளமும் பாரந்தூக்கிகளும்தான் இருக்கும். அந்தச் சீட்டுகள் எவை என்று குழுவில் ஒருவராவது பார்த்தீர்களா?

நெப்டியூனின் கோப்பை என்ற கடற்பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். 1820களில் சிங்கப்பூரிலிருந்து உலகுக்கு அறிமுகமானது, ஆளுயரத்துக்கு வளரும். அருங்காட்சியகங்களுக்காகவும் குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டிக்காகவும் பிடுங்கிப் பிடுங்கி, நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் உயிரோடு படாமல் போயிற்று. அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே மறுபடி கண்டுபிடித்தார்கள். யாரோ அந்தக் காலத்தில் எழுதிவைத்த விவரிப்பும் சேமித்துவைத்த மாதிரிகளும் இல்லாதிருந்தால், முக்குளித்தவர்களுக்குத் தாங்கள் கண்டது எதுவென்றே தெரிந்திருக்காது.

கணினியிலேயே கோடிக்கணக்கான மூலக்கூறுகளைச் சோதிக்கும் காலத்தில் குப்பிகள் எதற்கு என்று உங்களில் ஒருவர் நேரில் கேட்டார். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் முறைக்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசின் பாதி போனது எனக்கும் தெரியும். அந்த முறை வந்ததனால்தான் இப்போது குப்பிகளின் மதிப்பு கூடியிருக்கிறது என்பது என் கருத்து. நொதியின் வடிவம் கையில் இருந்தால், சாற்றில் உள்ள எந்தப் பொருள் எங்கே போய்ப் பொருந்துகிறது என்று பார்ப்பது எளிது. முன்பு ஒரு குப்பி முழுக்கச் செலவழித்துக் கண்ட அமைப்பை இன்றைய நிறமாலைக் கருவிகள் சிட்டிகையளவில் சொல்கின்றன. மதுசாரத் துண்டிலிருந்து மரபணு வரிசையை எடுத்து, பொருளைச் செய்வது கடற்பஞ்சா, அதற்குள் இருக்கும் பாக்டீரியாவா என்றுகூடத் தேடலாம். கருவி வரும்வரை காத்திருந்த மாதிரிகளை, கருவி வந்து சேர்ந்த நேரத்தில் கொளுத்துகிறோம்.

உலக மேடையில் நாம் பேசுவது வேறு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலின் உயிர்வளம் குறித்த ஐக்கிய நாட்டு உடன்பாட்டை, பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2023 மார்ச்சில் கரை சேர்த்தவர் நம் தூதர் ரீனா லீ. அந்த உடன்பாட்டின் தூண்களில் ஒன்று கடல் மரபணு வளங்களின் பயன்களை நாடுகள் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆய்வுக்கும் புத்தாக்கத்துக்கும் 2021 முதல் 2025 வரை 25 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கிய நாடு இது. அதே நாட்டில் சில பெட்டிகளுக்கு மின்சாரம் இல்லை என்கிறீர்கள்.

மின்செலவு பற்றி. மைனஸ் 80 டிகிரிப் பெட்டிகள் மின்சாரம் தின்பவை, மறுக்கவில்லை. ஆனால் உலர்த்திய சாறுகளுக்கு மைனஸ் 80 தேவையே இல்லை; மைனஸ் 20 போதும். சான்று மாதிரிகள் மதுசாரத்தில் இருப்பவை. அவற்றுக்குக் குளிரூட்டிய ஓர் அலமாரி அறை போதும். உண்மையிலேயே கடுங்குளிர் வேண்டியவை உறைந்த திசுத் துண்டுகள் மட்டும்; அவற்றைச் சேர்த்து அடுக்கினால் ஒரே பெட்டியில் அடங்கும், அதையும் மைனஸ் 70க்கு உயர்த்தினால் மின்சாரம் கணிசமாக மிச்சமாகும் என்று உலகெங்கும் ஆய்வகங்கள் செய்து காட்டியிருக்கின்றன. இதை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் ஒரு பிற்பகலில் வரைந்து கொடுத்திருப்பேன்.

கழிவு ஒப்பந்தக்காரர் அதை எரிப்பார். இந்த ஊரில் எரித்த குப்பையின் சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகும். அங்கே பக்கத்துத் திட்டுகளில் எடுத்த கடற்பஞ்சுகள் சாம்பலாக அங்கேயே திரும்பிப் போவதை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை.

நான் கேட்பவை இவை. முதலாவதாக, ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பதை இன்றே நிறுத்தி வையுங்கள். நிறுத்தியதை எழுத்தில் அறிவியுங்கள். குறிப்பேடுகளையும் அந்த வட்டையும் காகிதக் கழிவுப் பட்டியலிலிருந்து உடனே நீக்குங்கள், ஏனெனில் அவை போய்விட்டால் மீதியைக் காப்பாற்றியும் பயனில்லை. குறிப்பேடுகளை ஒளிப்படி எடுத்து, இனப்பெயர், இடம், நாள், செய்த சோதனைகள், முடிவுகள் அடங்கிய பட்டியலை எவரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுங்கள். அந்த வேலைக்கு என் நேரத்தைச் சம்பளமின்றித் தரத் தயார். என் கையெழுத்தைப் படிக்க ஆள் வேண்டுமல்லவா.

பட்டியல் வெளியான பிறகு ஓராண்டு அவகாசம் கொடுங்கள். அதற்குள் உள்நாட்டு ஆய்வுக் குழுக்கள் கேட்டால், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் தன் இயற்கைப் பொருள் களஞ்சியத்திலிருந்து வெளியாருக்குச் சாறுகளைத் தருவது போல, அனுப்பும் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு கொடுங்கள். சிவப்புக் கோடு போட்ட எண்களை முதலில் கொடுங்கள்.

உங்களால் வைத்துக்கொள்ளவே முடியாது என்றால் கைமாற்றுங்கள். 1993இல் தொடங்கிய இயற்கைப் பொருள் ஆய்வு மையத்தின் தாவர, நுண்ணுயிர்ச் சேகரிப்பு 2002இல் தனியார் கைக்குப் போய், பிறகு ஏஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் வழியாகப் பொதுக் கைக்கே திரும்பி வந்தது, இன்றும் பயன்படுகிறது. ஆக, சேகரிப்புகளைக் காப்பாற்றத் தெரியாத ஊர் அல்ல இது. சாறுகளை அங்கே ஏற்பார்களா என்று கேளுங்கள். சான்று மாதிரிகளை லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திடம் கேளுங்கள். கேட்டதற்கும் கிடைத்த பதிலுக்கும் ஆதாரத்தை வெளியிடுங்கள். யாரும் ஏற்கவில்லை என்று நிரூபணமானால், இன்று இல்லாத பாறைகளிலிருந்து வந்தவற்றை மட்டுமாவது தனியே பிரித்து வையுங்கள்.

பொதுப் பணத்தில் உருவான எந்த உயிரியல் சேகரிப்பையும் அழிப்பதற்குக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன் பொது அறிவிப்பு தர வேண்டும் என்றும், அந்தத் துறையில் கைவைத்து வேலை பார்த்த ஒருவராவது முடிவெடுக்கும் மேசையில் இருக்க வேண்டும் என்றும் உங்கள் விதிகளில் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. மாத இறுதிக்குள் குழுவினர் அந்த அறைக்கு நேரில் வாருங்கள். பெட்டியைத் திறந்து, நீங்களே ஏதாவது பத்துக் குப்பிகளை எடுங்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, என்ன சோதனை நடந்தது, என்ன மிச்சம் இருக்கிறது என்று குறிப்பேட்டைத் திறந்து காட்டுகிறேன். கையுறை கொண்டுவர வேண்டியதில்லை. இரண்டாவது இழுப்பறையில் எல்லா அளவிலும் இருக்கின்றன.

இப்படிக்கு,
கடல் மாதிரி அறையின் முன்னாள் ஆய்வகத் தொழில்நுட்பர்,
சிங்கப்பூர்